சோல்ஜர்ஸ் ஜாய்: ஒரு பிடில் மெட்டின் பூர்வீகமும் அதன் பல உருவங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோல்ஜர்ஸ் ஜாய் என்பது என்ன?

ஆடுவதற்கென்றே வாசிக்கப்படும் ஒரு பிடில் மெட்டு. பெயரைத் தமிழில் சொன்னால் 'சிப்பாயின் சந்தோஷம்'. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் ஒலித்தது. குடியேறிகளோடு கப்பலேறி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனது. ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இதன் உறவுக்கார மெட்டுகள் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதை மிகப் பழைய, மிகப் பரவலான பிடில் மெட்டுகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஒருவரையொருவர் அறியாத நான்கு பிடில்காரர்கள் அமெரிக்காவில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடினால், நால்வருக்கும் தெரிந்த மெட்டு இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கர்நாடக வயலின் கற்றுக்கொண்ட ஆள். ஒரு பழைய இசைத்தட்டின் ஒலிப்பதிவில் இந்த மெட்டைக் கேட்டேன். அதிலிருந்து இதை விட முடியவில்லை. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் வைத்துப் பதில் எழுதலாம் என்று தோன்றியது.

பிடில் வேறு, வயலின் வேறா?

ஒரே வாத்தியம்தான். நம் ஊரிலும் முந்தைய தலைமுறை கச்சேரி வயலினைப் பிடில் என்றுதான் சொன்னது. மேற்கில் நாட்டுப்புற நடன இசைக்கு வாசிக்கும்போது பிடில் என்பார்கள், செவ்வியல் மேடையில் வயலின் என்பார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் சிலர் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான 'குதிரை'யின் மேல் வளைவைக் கொஞ்சம் தட்டையாகச் செதுக்கிக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் வில்லை ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளில் இழுப்பது சுலபம். அமெரிக்க மலைப்பகுதிகளில் வாத்தியத்தைத் தாடையில் இடுக்காமல் மார்பில் சாய்த்து வாசிப்பவர்களையும் பார்க்கலாம். கூடவே பாட வேண்டும், நடனக்காரர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்றால் தாடை ஓய்வாக இருக்க வேண்டுமே.

மெட்டு எப்படி இருக்கும்? நமக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

முடியும், ஸ்வரத்திலேயே சொல்கிறேன். இதை வாசிக்கும் சுருதி, மேற்கத்திய ஸ்வரப் பெயரில், டி. அதை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். பரவலாக வாசிக்கப்படும் வடிவத்தில் முதல் பகுதி இப்படித் தொடங்கும்:

ப க ஸ க – ப க ஸ க – ப, மேல் ஸ, மேல் ஸ

உடனே அடுத்த வரி:

ப க ஸ க – ப க ஸ க – ம, ரி, ரி

முதல் வரி மேல் ஸட்ஜத்துக்கு ஏறி நிமிர்ந்து நிற்கிறது. இரண்டாவது வரி அதே இடத்தில் தொடங்கி, ரிஷபத்தில் வந்து அந்தரத்தில் தொங்குகிறது. கேட்கிற காது அங்கே நிம்மதியடையாது. மூன்றாவது வரி திரும்ப மேலே ஏறும். நான்காவது வரி வேகமாக இறங்கி ஸட்ஜத்தில் வந்து உட்காரும். கேள்வி, தொக்கி நிற்கும் பதில், மறுபடி கேள்வி, முடிவான பதில் என்று எட்டே பார்களில் ஒரு சம்பாஷணை நடந்துவிடுகிறது. (பார் என்பது மேற்கத்திய இசையில் தாளத்தின் ஒரு சிறு அறை. இங்கே ஒன்றுக்கு இரண்டு அடி.)

இரண்டாம் பகுதி மேல் ஸ்தாயிக் காந்தாரத்தில், மிக உயர்ந்த தந்தியில் தொடங்கும். முதல் பகுதி காலடியில் நடக்கிற மாதிரி இருந்தால், இது திடீரென்று ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். முதல் பகுதி இருமுறை, இரண்டாம் பகுதி இருமுறை, மொத்தம் 32 பார்கள். ஆடும் வேகத்தில் ஒரு சுற்றுக்கு அரை நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதல். பத்து நிமிஷ ஆட்டத்துக்குப் பதினெட்டுச் சுற்று வாசிக்க வேண்டிவரும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். இந்த மெட்டுக்கு இத்தனை உருவங்கள் உண்டானதற்கு இதுதான் முதல் காரணம்.

அப்படியானால் இது சங்கராபரணமா?

ஸ்வரங்களைப் பார்த்தால் 29ஆவது மேளமான (தாய் ராகமான) தீர சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். ஆனால் ராகம் என்று சொல்ல முடியாது. கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) கிடையாது, ஸ்வரங்கள் நேர்நேராக நிற்கும், தாவல்கள் அதிகம். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்த நொட்டுஸ்வரங்களைக் கேட்டவர்களுக்கு இந்த உணர்வு பழக்கமானது. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது. 'ச்யாமளே மீனாக்ஷி'யைக் கேட்டால் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று குழந்தைகளே சொல்லிவிடும். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார் என்பது நம் சங்கீத மரபில் சொல்லப்படும் வரலாறு. சோல்ஜர்ஸ் ஜாய் மெட்டுக்கு நொட்டுஸ்வரம் இருக்கிறதா என்று சிலர் கேட்டார்கள். அப்படி எதையும் நான் பார்த்ததில்லை. இந்த மெட்டு ஸ்காட்லாந்தில் அச்சேறியதும் தீட்சிதர் பிறந்து வளர்ந்ததும் ஏறத்தாழ ஒரே காலம் என்பதோடு அந்தத் தொடர்பை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

யார் இயற்றியது? எப்போது?

இயற்றியவர் பெயர் இல்லை. அச்சில் வந்த பழைய பதிப்புகளில் ஒன்று, கிளாஸ்கோவில் ஜோஷுவா காம்ப்பெல் 1778இல் வெளியிட்ட நடன மெட்டுத் தொகுப்பு. அதே ஊரில் ஜேம்ஸ் எய்ர்ட் 1782இல் வெளியிடத் தொடங்கிய தொகுப்பிலும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அது பிடில் இசையின் பொற்காலம். நீல் கௌ, வில்லியம் மார்ஷல் போன்ற கலைஞர்கள் பிரபுக்களின் மாளிகைகளிலும் ஊர்க் கொண்டாட்டங்களிலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மெட்டுப் புத்தகங்கள் நன்றாக விற்றன.

ஆனால் 1778 என்பது இந்த மெட்டின் பிறந்த நாள் அல்ல. அச்சிட்டவர் அதை எங்கிருந்தோ கேட்டுத்தான் எழுதியிருப்பார். விற்கிற புத்தகத்தில் சேர்க்கிற அளவுக்கு அது ஏற்கனவே ஆடுகிறவர்களுக்குப் பிடித்த மெட்டாக இருந்திருக்கிறது என்பதைத்தான் அந்த ஆண்டு நமக்குச் சொல்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் பலரும் அச்சுப் பிரதியை 'ஒரிஜினல்' என்று வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாசிப்பதைத் தப்பு என்கிறார்கள்.

'சிப்பாயின் சந்தோஷம்' என்பது மார்ஃபின் ஊசியைக் குறிக்கும் பெயர் என்கிறார்களே?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) காயம்பட்ட சிப்பாய்களுக்கு வலி தெரியாமலிருக்க மார்ஃபினும் சாராயமும் கொடுத்தார்கள், அதுதான் 'சிப்பாயின் சந்தோஷம்', அதிலிருந்து மெட்டுக்குப் பெயர் வந்தது என்று கதை போகிறது.

தேதிகளே இதை மறுத்துவிடுகின்றன. மெட்டு இதே பெயரில் 1778இல் அச்சாகியிருக்கிறது. அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்ததே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியைச் சேர்ந்த மருந்தாளர் சேர்ட்டூர்னர். தோலுக்கடியில் போடும் ஊசி 1850களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகப் பெயர் மருந்துக்கு முந்தியது.

ஆனாலும் அந்தக் கதையை வெறும் புரளி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கை கால் வெட்டி எடுக்கப்பட்டவர்கள் கூடாரங்களில் கிடந்த போர் அது. அந்தத் தலைமுறை இந்தப் பழைய பெயரைக் கேட்டபோது அதற்குள் தங்களுடைய வலியை வைத்துப் பார்த்திருக்கிறது. மார்ஃபினுக்கு இவ்வளவு சென்ட், பீருக்கு இவ்வளவு சென்ட் என்று கணக்குச் சொல்லும் வரிகள் இந்த மெட்டோடு சேர்ந்தே பாடப்படுகின்றன. பெயர் பிறந்த கதையாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் பெயருக்குள் கசப்பைக் கண்டவர்களில் அமெரிக்கர்கள் முதல் ஆட்களும் இல்லை. ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய 'ஜாலி பெக்கர்ஸ்' என்ற பாடல் நாடகத்தில், ஒரு மதுக்கடையில் பிச்சைக்காரர்கள் கூடிக் குடித்துப் பாடுகிறார்கள். முதலில் பாடுகிறவன் ஒரு முன்னாள் சிப்பாய். போரில் ஒரு கையும் ஒரு காலும் போய்விட்டன. தன் தழும்புகளைக் காட்டி, இப்போதும் முரசு ஒலித்தால் இந்தக் கட்டைக் காலோடு கிளம்பிவிடுவேன் என்கிறான். பர்ன்ஸ் அந்தப் பாட்டுக்குக் குறித்துவைத்த மெட்டு சோல்ஜர்ஸ் ஜாய். நாடகம் அச்சானது அவர் இறந்தபின், 1799இல். ஆடத் தூண்டும் ஒரு மெட்டை ஊனமுற்ற சிப்பாயின் வாயில் வைத்த அந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். ப க ஸ க என்று அந்த மெட்டு துள்ளும்போது அவனுடைய கட்டைக் காலும் தரையில் தட்டுவது கேட்கும்.

எந்த நடனத்துக்கு வாசித்தார்கள்?

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று எதிரெதிரே நின்று, ஜோடிகள் இடம் மாறிக்கொண்டே போகும் கிராமிய நடனங்களுக்கு. இதே பெயரில் தனி நடனமும் உண்டு. தாமஸ் ஹார்டி 1874இல் வெளியிட்ட 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரவுட்' நாவலில் அறுவடை விருந்துக் காட்சி ஒன்று வரும். அடுத்து எந்த நடனம் என்று வித்வான்கள் கேட்கிறார்கள். பண்ணையின் சொந்தக்காரி ஒரு சிப்பாயைக் கல்யாணம் செய்திருப்பதால் சோல்ஜர்ஸ் ஜாய் முடிவாகிறது. முக்கால் மணி நேரம் தரை அதிர ஆடியபிறகும் கால்களை இழுக்கும் சக்தி அந்த மெட்டுக்கு உண்டு என்று ஹார்டி எழுதுகிறார். அவரே பிடில் வாசித்தவர், அதனால் அந்த வரியை நான் நம்புகிறேன்.

அமெரிக்காவில் இது நாலு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர் டான்ஸுக்குப் போனது. வடகிழக்கு மாநிலங்களில், எதிரெதிர் வரிசைகளில் நின்று ஆடும் காண்ட்ரா நடனங்களுக்கு இன்றும் வாசிக்கிறார்கள்.

அமெரிக்கா போனதும் என்ன மாறியது?

வில்லை இழுக்கும் விதம் மாறியது. ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கலைஞர்கள் ஸ்வரங்களை அலங்கரிப்பார்கள்; அயர்லாந்தில் ஒரே ஸ்வரத்தைச் சுற்றி மேலும் கீழும் விரலைச் சுண்டிப் பூட்டும் அணிகள் அதிகம். இதை அங்கே ஹார்ன்பைப் என்ற, சற்று நிதானமாகத் துள்ளும் நடன வகையாகவும் வாசிக்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்கிலுள்ள அப்பலாச்சிய மலைகளுக்குப் போனதும் இடது கையின் நகாசு குறைந்து, எல்லாம் வலது கைக்கு இடம் மாறிவிட்டது. ஒரு நீண்ட இழுப்பு, இரண்டு குட்டை இழுப்பு என்று வில் ஓயாமல் போகும். பக்கத்துத் தந்தியும் கூடவே ஒலிக்கும், தம்புரா உள்ளேயே இருக்கிற மாதிரி.

இந்த மாற்றத்தில் கறுப்பின மக்களின் பங்கு பெரியது. அது போதுமான அளவு பேசப்படுவதில்லை. மேளம் போன்ற உடல்கொண்ட தந்தி வாத்தியமான பாஞ்சோவின் மூதாதை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். தென் மாநிலங்களில் வெள்ளையர்களின் நடன விருந்துகளில் வாசித்த பிடில்காரர்கள் பெரும்பாலும் அடிமைகள். 1841இல் கடத்தி விற்கப்பட்ட சாலமன் நார்த்தப்பும் பிடில்காரர்தான். அடிமையாக இருந்த பன்னிரண்டு வருஷங்களில் எத்தனையோ விருந்துகளுக்கு அவரை வாசிக்க அனுப்பினார்கள். ஸ்காட்லாந்து மெட்டு அவர்களுடைய கைகளின் வழியாகத்தான் அமெரிக்க மெட்டாக ஆனது. தாளத்தின் அடி விழும் இடம் நகர்ந்தது. அடிக்குச் சற்று முன்னாலேயே வில் அழுத்தும் பழக்கம் வந்தது. சோல்ஜர்ஸ் ஜாய் வெள்ளையரின் மெட்டு என்று யாராவது சொன்னால், 1942இல் காங்கிரஸ் நூலகத்துக்காக டென்னஸியில் நாஷ்வில் வாஷ்போர்டு பேண்ட் என்ற கறுப்பினக் குழு வாசித்த பதிவைக் கேட்கச் சொல்லுங்கள். துணி துவைக்கும் தகரப் பலகையே அங்கே தாள வாத்தியம்.

சுருதி சேர்ப்பதிலும் வித்தியாசம் உண்டா?

உண்டு, நம்மவர்களுக்கு இது சுவாரசியமான இடம். வழக்கமான வயலின் சுருதி ஜி–டி–ஏ–ஈ. அப்பலாச்சியக் கலைஞர்கள் பலர் டி சுருதி மெட்டுகளுக்கு அடித் தந்தியை மட்டும் ஏறவைத்து ஏ–டி–ஏ–ஈ என்று சேர்த்துக்கொள்வார்கள். அடியில் பஞ்சமம் கணீரென்று நிற்கும். ஏ சுருதி மெட்டுகளுக்கு ஏ–ஈ–ஏ–ஈ. அது நம்முடைய ஸ–ப–ஸ–ப சுருதியேதான்! வட கரோலினாவின் மலையில் ஒருவர் பிருடையைத் திருகிச் சேர்க்கும் சுருதியும் மயிலாப்பூரில் ஒருவர் சேர்க்கும் சுருதியும் ஒன்றாக இருப்பதை முதலில் அறிந்த அன்று வெகு நேரம் தந்திகளையே மீட்டிக்கொண்டிருந்தேன்.

வேறு பெயர்கள் உண்டா?

நிறைய. 'பே டே இன் த ஆர்மி' என்றால் பட்டாளத்தில் சம்பள நாள். 'ஐ லவ் சம்படி' என்ற பெயரில் காதல் வரிகளோடு பாடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, வேறு மெட்டை இந்தப் பெயரில் அழைக்கிற ஊர்களும் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பி இரண்டு பதிவுகளை ஒப்பிட வேண்டாம்.

இத்தனை மாறினால், இது அதே மெட்டுதான் என்று எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு ஸ்வரத்தையும் பார்க்காதீர்கள். வரிகள் எங்கே வந்து நிற்கின்றன என்று பாருங்கள். முதல் வரி மேலே, இரண்டாவது வரி ரிஷபத்தில் தொக்கி, நான்காவது ஸட்ஜத்தில்; இரண்டாம் பகுதி உயரத் தந்தியில். இந்த எலும்புக்கூடு இருந்தால் அது சோல்ஜர்ஸ் ஜாய்தான். நடுவில் ப க ஸ க என்று தாவினாலும் சரி, ப ம க ரி என்று படிப்படியாக இறங்கினாலும் சரி.

மாற்றம் எப்படி நேர்கிறது என்பதற்கும் அந்தப் பதினெட்டுச் சுற்றுக் கணக்குதான் பதில். ஒரே 32 பார்களை ஓர் இரவில் நூறு தடவை வாசிக்கிறவர் ஏழாவது சுற்றில் ஒரு ஸ்வரத்தை விடுவார், பத்தாவதில் வில்லைப் புரட்டிப் போடுவார். கேட்டுக்கொண்டிருக்கும் பையனுக்கு எது பிடிக்கிறதோ அது அடுத்த தலைமுறைக்கு 'சரியான' வடிவம். பெரும்பாலானவர்களுக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது, தேவையும் இருக்கவில்லை. அதனால் எது அசல் என்ற கேள்விக்கு என் பதில்: 1778இன் பக்கமும் யாரோ ஒருவர் ஒரு நாள் வாசித்த உருவம்தான். ஒரு கறுப்பினக் குழு தகரப் பலகையோடு வாசித்ததற்கும் அதற்கும் நடுவில் மேல் கீழ் இல்லை.

எந்தப் பதிவுகளைக் கேட்கலாம்?

முதலில் கிட் டானரும் ஸ்கில்லட் லிக்கர்ஸ் குழுவும் 1929இல் அட்லாண்டாவில் கொலம்பியா நிறுவனத்துக்காகச் செய்த பதிவு. ஒருவர் பேச்சோடு தொடங்கி எல்லோரையும் ஆட அழைப்பார், உடனே பிடில்கள் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும். பிடில்கள் எல்லாம் அச்சு அசலாக ஒன்றையே வாசிக்கவில்லை. ஒன்று தாவும் இடத்தில் இன்னொன்று இழுக்கும். நடுவில் உற்சாகக் கூச்சல்கள். அடியில் ரைலி பக்கட்டின் கிட்டார் ஓடும். பார்வையற்ற கலைஞர் அவர். அந்த அடித் தந்தி ஓட்டங்களை மட்டும் ஒரு தடவை தனியாகக் கவனியுங்கள்.

அப்புறம் 1972இல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் வெளியிட்ட 'வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்' தொகுப்பு. அதில் ஜான் மெக்யூவனும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் இரண்டு பாஞ்சோக்களில் இதை வாசிக்கிறார்கள். பிடில் இல்லாமலேயே மெட்டு தன்னை அடையாளம் காட்டிவிடுகிறது.

இதை வாசிக்கவோ பதிவு செய்யவோ அனுமதி வேண்டுமா?

மெட்டு பொதுச் சொத்து, யாரும் வாசிக்கலாம். ஆனால் ஒருவர் செய்த ஒலிப்பதிவை எடுத்துப் பயன்படுத்துவது வேறு விஷயம், அந்தப் பதிவுக்கு உரிமைதாரர் இருக்கலாம்.

கர்நாடக வயலின் வாசிக்கிறேன். எங்கே தொடங்குவது?

வாயால் தொடங்குங்கள். மேலே கொடுத்த இரண்டு வரிகளையும் ஸ்வரமாகப் பாடி மனப்பாடம் செய்துகொண்டு வாத்தியத்தை எடுங்கள். சுருதி உங்கள் கட்டையிலேயே இருக்கட்டும்.

நம் பழக்கம் இரண்டு இடங்களில் குறுக்கே வரும். ஒன்று காந்தாரம். விரல் தானாக அசையப் பார்க்கும், வலது கை வேகம் பிடிக்கும்வரை அசையவிடாதீர்கள். மற்றது வில். நாம் ஒரே வில்லில் பல ஸ்வரங்களைக் கோத்து இழுத்துப் பழகியவர்கள். இங்கே ஆரம்பத்தில் ஸ்வரத்துக்கு ஒரு வில், அதுவும் வில்லின் நடுப்பகுதியில் நாலு விரற்கடை அகலத்துக்குள். எனக்கு அந்த நாலு விரற்கடைக்குள் அடங்கவே மூன்று வாரம் ஆயிற்று. மணிக்கட்டு இளகியதும் பக்கத்துத் தந்தியைச் சேர்த்துத் தொடுங்கள். நீங்கள் ஸ–ப–ஸ–ப சேர்த்திருப்பதால், மத்திய ஸட்ஜத் தந்தியில் வாசிக்கும்போது கீழ்த் தந்தியின் பஞ்சமம் தானாகவே துணைக்கு வந்து நிற்கும். இரண்டாம் பகுதிக்கு மேல் தந்தியில் கை சற்று ஏற வேண்டும், அதை மெதுவாகத் தனியாகச் சாதகம் செய்யுங்கள்.

வீட்டில் யாரையாவது காலால் தாளம் தட்டச் சொல்லுங்கள். அடி எண்ணிக்கொண்டு வாசிப்பதற்கும், கண்ணெதிரே ஒரு கால் தரையில் விழும்போது வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது சுற்றிலேயே வில்லுக்குத் தெரிந்துவிடும்.